கொப்பு மாறும் தேவாங்கு

நேற்று இரவு இலங்கையின் ஹோர்ட்டன் சமவெளி ஓரக் காட்டில், நாலு மணி நேர நடைக்குப் பிறகு, சிவப்பு டோர்ச் வெளிச்சத்தில் இரண்டு கண்கள் மின்னின. மலைத் தேவாங்கு! 1939-க்குப் பிறகு யார் கண்ணிலும் படாமல், அழிந்துவிட்டது என்றே நம்பப்பட்டு, 2002-இல் திரும்பக் கிடைத்த உயிர்.

விறைக்கிற குளிரில் அப்படியே நின்றேன். ஒவ்வொரு கையாக வைத்து மெதுவாகக் கொப்பு மாறியது. அது தாவாது, கொப்போடு கொப்பு தொட்டால்தான் அடுத்த மரம். தேயிலைக்காகத் துண்டாக்கிய காட்டில் அதற்கு வழி ஏது? அதனால்தான் இடையில் நாட்டு மரக்கன்றுகள் நடுகிறோம்.

தோட்டத்தில் கொழுந்து பறித்த அம்மாயி, "தேவாங்கு முகத்துல முழிக்கக் கூடாது" என்பார். இப்போது அவரே, "இன்னைக்குப் பாத்தியா?" என்று கேட்கிறார்.

பார்த்தேன் அம்மாயி. வயிற்றில் ஒரு குட்டி ஒட்டிக்கொண்டிருந்தது.