தேக்காவில் வாங்கிய கேசட் இன்னும் பாடும்

எண்பது, தொண்ணூறுகளின் பாட்டுகள் அநேகமாக எல்லாமே இப்போது கைப்பேசியில் கிடைக்கின்றன, கேசட்டைவிடத் தெளிவாகவே. கேட்டால் ஏனோ மனசு நிறைவதில்லை. காரணம் வரிசை. சிங்கப்பூர்த் தேக்கா பக்கத்துக் கடையில் பட்டியல் எழுதிக் கொடுத்துப் பதிய வைத்த டேப்பில், ஒரு பாட்டு முடிந்தால் அடுத்தது எது என்று காதுக்கே தெரியும். ஒலி 96.8 வானொலியிலிருந்து பதிந்ததென்றால் பாட்டின் முன்னிசைமேல் அறிவிப்பாளர் பேசிக்கொண்டிருப்பார். இதெல்லாம் எந்தச் செயலியிலும் இல்லை. ஸ்டோர் ரூமில் கிடக்கும் அந்தப் பெட்டியில்தான் இருக்கிறது.

எடுத்ததும் பிளேயரில் போட்டுவிடாதீர்கள். முதலில் கேசட்டின் கண்ணாடி வழியே டேப் சுருளின் விளிம்பைப் பாருங்கள். வெள்ளையாகப் பொடி படிந்திருந்தால் பூஞ்சை. நம்மூர் ஈரப்பதத்தில், அதிலும் வீட்டுக்குள் காற்றோட்டம் குறைந்த பாம்ப் ஷெல்டர் அறையில் வைத்திருந்தால், இது சகஜம். அப்படியே ஓட்டினால் பிளேயரில் டேப்பைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும். பூஞ்சை பிடித்த கேசட்டைத் தனி ஜிப் பையில் போட்டு ஒதுக்கிவையுங்கள். முகக்கவசம் போட்டுக்கொண்டு, கூட்டைத் திறந்து, உலர்ந்த மென்துணியால் விளிம்பைத் துடைத்த பிறகுதான் ஓட்ட வேண்டும்.

அடுத்தது பிரஷர் பேட். கேசட்டின் திறந்த வாய் நடுவே, செப்புநிறத் தகட்டின்மேல் ஒட்டியிருக்கும் சின்னக் கம்பளித் துண்டு அது. பழைய பசை காய்ந்து விழுந்துவிடும். விழுந்தால் டேப் ஹெட்டில் அழுந்தாது. ஒலி மங்கும், ஏறி இறங்கும். பலர் இதைக் கேட்டுவிட்டு "டேப் போச்சு" என்று குப்பையில் போடுகிறார்கள். டேப்புக்கு ஒன்றும் ஆகியிருக்காது. ஐந்து திருகாணி உள்ள வேறொரு கேசட்டைப் பிரித்து, சுருள்கள் இரண்டையும் அந்தக் கூட்டுக்கு மாற்றினால் போதும். திருகாணி இல்லாமல் ஒட்டிய கூடென்றால் இணைப்புக் கோட்டில் கத்தி நுனியை வைத்து மெல்ல நெம்ப வேண்டும். மூலைகளில் இருக்கும் உருளைகள் இரண்டும் துள்ளி ஓடும், ஒரு தட்டுக்குள் வைத்துத் திறங்கள். சுருளுக்கு மேலும் கீழும் இருக்கும் வழவழப்பான தாள்களைத் திரும்ப வைக்க மறந்தால் டேப் இறுகி நிற்கும்.

டேப் அறுந்திருந்தால் செலோடேப் வேண்டாம். அதன் பசை கசிந்து அடுத்த சுற்றில் ஒட்டிக்கொள்ளும். கேசட்டுக்கென்றே விற்கும் ஒட்டு டேப்பை, ஹெட்டைத் தொடாத உட்பக்கத்தில் ஒட்டுங்கள்.

பிளேயர் விஷயம். பழைய பொருள் விற்ற சுங்கை ரோடு சந்தை 2017 ஜூலை 10-ஆம் தேதியோடு மூடிவிட்டதால், இப்போது இணையத்தில் பழசு வாங்குவதுதான் வழக்கம். ஜப்பானிலிருந்து வந்ததா என்று பாருங்கள்: அது 100 வோல்ட், நம் வீட்டில் வருவது 230. டிரான்ஸ்பார்மர் இல்லாமல் சொருகினால் முடிந்தது கதை. விசையை அழுத்தினால் மோட்டார் சத்தம் மட்டும் வந்து சுருள் சுற்றவில்லை என்றால் பெல்ட் தார் மாதிரி இளகியிருக்கும். ஆல்கஹால் தொட்ட பஞ்சுக்குச்சியால் வழித்தெடுத்துவிட்டு, பெல்ட் ஓடும் பாதையை நூலால் அளந்து, அதைவிட ஐந்து சதவீதம் குறைவான சுற்றளவில் புதிது போடுங்கள். ஹெட்டைத் துடைக்க ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் 99% நல்லது. மருந்துக்கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் 70%-இல் மீதி பெரும்பாலும் தண்ணீர். உதிரி பாகங்களுக்கு, மின்னணுக் கடைகள் உள்ள சிம் லிம் டவரில் ஒரு நடை நடக்கலாம்.

எல்லாம் சரி, ஆனாலும் ஜால்ரா, தபேலாவின் கூர்மை இல்லையா? ஹெட்டின் கோணம் டேப்புக்குப் பொருந்தவில்லை. பதிந்த இயந்திரம் வேறு, ஓட்டும் இயந்திரம் வேறு. ஹெட்டின் பக்கவாட்டில் சுருள்வில்லோடு இருக்கும் திருகாணியை, டேப் ஓடும்போதே, காந்தம் ஏறாத சிறு திருப்புளியால் மயிரிழை மயிரிழையாகத் திருப்புங்கள். இரண்டு சேனலையும் சேர்த்து மோனோவாகக் கேட்டுக்கொண்டு செய்தால் சரியான இடம் சட்டென்று பிடிபடும். கோணம் தப்பினால் மோனோவில் உச்ச ஒலிதான் முதலில் காணாமல் போகும். வீட்டில் கலவையான கேசட்டுகள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் இதைச் செய்தாக வேண்டும். அலுப்பான வேலைதான், ஆனால் வேறெந்தப் பழுதுபார்ப்பும் இவ்வளவு வித்தியாசம் காட்டாது.

கணினியில் பதிவுசெய்ய, பிளேயரின் லைன் அவுட்டிலிருந்து, ஒலியைக் கணினிக்குக் கொண்டுசெல்லும் யுஎஸ்பி ஆடியோ இன்டர்பேஸுக்கு வயர் கொடுங்கள். மைக் துளையில் சொருகினால் ஒலி கிழியும். ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், உச்சம் -6 டெசிபலைத் தாண்டாமல். அறுபது நிமிடக் கேசட் ஏறத்தாழ ஒரு ஜிபி வரும். பிறகு, தரம் குறையாமல் அளவைச் சுருக்கும் ஃபிளாக் கோப்பாக மாற்றிக்கொள்ளலாம்.

இரைச்சல் நீக்கியை மட்டும் தொடாதீர்கள் என்பேன். அதிகம் போட்டால் எஸ். பி. பி.யின் குரலே தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல ஆகிவிடும். பாட்டுப் பாட்டாக வெட்டவும் வேண்டாம். ஏ சைடு ஒரு கோப்பு, பி சைடு ஒரு கோப்பு, கூடவே உறையில் எழுதியிருக்கும் பட்டியலின் படம், மூன்றும் ஒரே பெயரில்.