கடற்கோட்டை

ஆகஸ்ட் 3
கிளினிக்கைத் தள்ளிப் போட்டுவிட்டார்கள். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 4
முற்றத்துக் கதிரையில் இருந்தபடி, கடல் நடுவில் நிற்கும் கடற்கோட்டையையே பார்த்துக்கொண்டிருக்கிறார். ஊர்காவற்றுறையிலேயே பிறந்து வளர்ந்தவர், ஒருநாளும் அதற்குள் கால் வைத்ததில்லை. "அவங்களிட்டக் கேட்டுப் பாரன் பிள்ளை" என்கிறார். கடற்படையைத்தான் சொல்கிறார். கோட்டை அவர்கள் கையில், உள்ளே ஹோட்டல் நடத்துவதும் அவர்களே.
அவருடைய நோய்க்குத் தண்ணீரை அளந்துதான் கொடுக்க வேண்டும். இன்று 700 மில்லி. இன்னும் கேட்டார். கொடுக்கவில்லை.

ஆகஸ்ட் 5
சோளகக் காற்று ஓயவில்லை. சரி, நாளை பார்க்கலாம்.

ஆகஸ்ட் 6
நித்திரை வரவில்லை, கோட்டையைப் பற்றி வாசித்தேன். போர்த்துக்கேயர் கட்டியது. 1658இல் ஒல்லாந்தர் வளைத்தபோது அதை விழுத்தியது பீரங்கியல்ல, தாகம். சுற்றிவரக் கடல், உள்ளே குடிக்கச் சொட்டு நீர் இல்லாமல் சரணடைந்தார்கள். அந்த மனிதர்களை நினைத்தால் நெஞ்சை அடைக்கிறது. அடுத்த அறையில் அப்பா இருமுகிறார். குவளையை எட்டாத இடத்தில் வைத்தது நான்தான்.

ஆகஸ்ட் 7
போய்விட்டு வந்தோம்! பாதையில், அதுதான் ஆட்களை ஏற்றும் மிதவையில், காரைநகருக்குக் கடந்து, அடையாள அட்டையைக் காட்டி, அவர்களுடைய படகில். இறங்கும்போது சிப்பாய்ப் பொடியன் ஒருவன் அப்பாவின் கையைப் பிடித்து, "ஐயா, மெதுவா" என்றான். எங்கள் கண்முன் நிற்கும் கோட்டைக்கு அட்டை காட்டிப் போவது எனக்குக் கொதிப்புத்தான். ஆனால் அந்தப் பிடியில் இருந்த கவனத்தை மறக்கமாட்டேன்.
சுவர் முழுக்க முருகைக்கல், கடலில் எடுத்த பவளக்கல். கிட்டப் போய்ப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் சின்னச் சின்னத் துளைகள், மடிப்பு மடிப்பான வரிகள். அப்பா விரலால் தடவிக்கொண்டே நடந்தார். 1971 ஜே.வி.பி. கிளர்ச்சிக் கைதிகளை அடைத்து வைத்த இடம் என்றேன், காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. எதிர்க்கரையில் எங்கள் வீடு எங்கே என்று தேடினார். அப்புறம், "தண்ணித்தொட்டி எங்க?" என்றார். நான் வாசித்ததை அவருக்குச் சொல்லவே இல்லை. ஒல்லாந்தர் பிடித்தபிறகு நீர் சேமிக்கத் தொட்டி கட்டினார்கள் என்பது அவருக்குச் சின்ன வயதிலேயே தெரியுமாம். "தண்ணி இல்லாட்டி கோட்டை என்னத்துக்கு?"
போத்தலைக் கொடுத்தேன். இரண்டு மிடறு. இன்று அளக்கவில்லை.

ஆகஸ்ட் 8
கால் வீங்கியிருக்கிறது. நேற்றுக் கொடுத்ததாலா?

ஆகஸ்ட் 9
வீக்கம் முழங்கால் வரை ஏறிவிட்டது. கிளினிக் நாளுக்குக் காத்திருக்க முடியாது. விடிய ஐந்துக்கு ஆட்டோ வரும், நேரே யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரி. பழைய ரிப்போர்ட்டுகளை எடுத்து வைக்க வேண்டும். அண்ணாவுக்கு இப்போதே அழைத்தால் அங்கே என்ன நேரமோ தெரியாது, அழைக்கிறேன்.