சொந்த வீட்டுக்குப் பத்திரம்

ஆப்பிரிக்காவில் தாராளவாதம், சுதந்திரச் சந்தை என்று பேசும் அமைப்புகள் என்றாலே பலருக்கும் ஓட்டல் அரங்கில் நடக்கும் கருத்தரங்குதான் நினைவுக்கு வரும். பாதி உண்மைதான். ஆனால் தென்னாப்பிரிக்காவில் 1975-இல் தொடங்கிய ஃப்ரீ மார்க்கெட் ஃபவுண்டேஷன் நடத்தும் 'காயா லாம்' என்ற வீட்டுப் பத்திரத் திட்டம் வேறு ரகம்.

கறுப்பினத்தவர் நிலம் வாங்குவதை 1913 நிலச் சட்டம் முடக்கியது. நகரங்களிலும் அடுத்தடுத்த சட்டங்கள் கதவை அடைத்தன. தாத்தா காலத்திலிருந்து குடியிருக்கும் வீட்டுக்கும் நகராட்சிதான் உரிமையாளர். 1991-இல் சட்டம் மாறியது, சரி. பத்திரம் கைக்கு வர வேண்டாமா? வழக்கறிஞர் கட்டணம், பதிவுச் செலவு, அலுவலக அலைச்சல் என்று பலருக்கு அது அப்படியே நின்றுபோனது. இந்த அமைப்பு நன்கொடை திரட்டி, நகராட்சியோடு பேசி, குடியிருப்பவர் பெயரிலேயே பதிந்து கொடுக்கிறது. இனி அதை விற்கலாம், பிள்ளைகளுக்கு எழுதி வைக்கலாம், அடமானம் வைத்துக் கடை போடலாம். சொத்துரிமை பற்றி ஆயிரம் கட்டுரை எழுதுவதைவிட எனக்கு இது பிடித்திருக்கிறது.

சுதந்திரச் சந்தை பேசும் இன்னொருவர், கென்யப் பொருளாதார அறிஞர் ஜேம்ஸ் ஷிக்வாட்டி. அவர் 2005-இல் ஜெர்மனியின் டெர் ஷ்பீகல் இதழுக்குக் கொடுத்த பேட்டியில் வெளிநாட்டு உதவியையே நிறுத்தச் சொன்னார். இலவச தானியம் வந்து குவிந்தால் உள்ளூர் விவசாயி எங்கே விற்பார் என்ற அவர் வாதம் நியாயமானது. மருந்துக்கும் அதையே சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அப்புறம், அதே ஃபவுண்டேஷன் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தையும் எதிர்க்கிறது. அதில் நான் எதிர்க்கட்சி. கமெண்டில் சண்டைக்கு வரலாம்.