கிக் ஏன் பின்னால் விழுகிறது

மூன்று வாரமாக ஒரு கிக் டிரம், அதாவது ‘தும்’மென்று விழும் அடி டிரம், என்னைப் படுத்தி எடுத்துவிட்டது. தனியாக ஓடவிட்டால் தாளத்தில் கச்சிதமாக உட்காருகிறது. பாட்டு முழுவதையும் ஓடவிட்டால், ஒவ்வொரு சுற்றின் முதல் தட்டில் மட்டும் சோம்பலாக வந்து விழுகிறது. எந்த நோட்டு எப்போது என்று கருவிகளுக்குச் சொல்லி வாசிக்க வைப்பது, செகண்ட் ஹேண்டில் வாங்கிய பழைய சீக்வென்சர். முதலில் கேபிளைச் சந்தேகித்தேன், அப்புறம் என் காதை. கடைசியில் இரண்டு விதமாகவும் கம்ப்யூட்டரில் ரெக்கார்டு செய்து, அலையைப் பெரிதாக்கிப் பார்த்தேன். 9 மில்லி விநாடி வித்தியாசம்.

உடனே பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டேன். சீக்வென்சரின் கட்டளைகளைக் கருவிகளுக்குக் கொண்டுபோகும் மிடி கேபிளில் விநாடிக்கு 31,250 பிட்தான் போகும். 1983-இல் வைத்த வேகம். தொடக்கத்தையும் முடிவையும் காட்டும் ஸ்டார்ட், ஸ்டாப் பிட்டுகளைச் சேர்த்து ஒரு பைட்டுக்கு 10 பிட், அதாவது 0.32 மில்லி விநாடி. ஒரு நோட்டுக்கு மூன்று பைட். அதே சேனலில், அதாவது அதே கருவிக்கு, அடுத்த நோட்டும் ஒட்டி வந்தால் இரண்டு போதும். எப்படியும் ஒற்றையடிப் பாதை, ஒன்றன்பின் ஒன்றாகத்தான் போயாக வேண்டும்.

என் பாட்டின் முதல் தட்டில் எலெக்ட்ரிக் பியானோ நாலு நோட்டு, ஸ்டிரிங்ஸ் நாலு, பிராஸ் மூன்று, பேஸ் ஒன்று. 9+9+7+3, ஆக 28 பைட். 8.96 மில்லி விநாடி! ஒரு கருவிக்கு ஒரு டிராக்; ஐந்தாவது டிராக்கில் இருந்த கிக், பாவம், கடைசிப் பந்தி.

அந்த நேரத்தில் ஒலி சுமார் 3 மீட்டர் போகும். டிரம்மர் பத்தடி தள்ளி உட்கார்ந்தால் யாரும் குறை சொல்லப் போவதில்லை. ஆனால் முதல் தட்டுக்கு மட்டும் பின்னால் ஓடிப்போய், அடுத்த தட்டுக்குள் திரும்பி வரும் டிரம்மரை என்ன செய்வது?

என் சீக்வென்சர் டிராக் எண் வரிசைப்படியே அனுப்புகிறது. டிரம்மை முதல் டிராக்குக்கும் ஸ்டிரிங்ஸைக் கடைசிக்கும் மாற்றினேன். ஸ்டிரிங்ஸ் மெல்ல எழும் சத்தம், கொஞ்சம் பிந்தினால் காதுக்குத் தெரியாது. அவ்வளவுதான் வைத்தியம்.

பழைய கருவியின் குறையோடு மல்லுக்கட்டியது நான் மட்டுமல்ல. ஒலித்துண்டுகளை (சாம்ப்ள்) பதிந்து வாசிக்கும் கருவிதான் சாம்ப்ளர்; 1987-இல் வந்த எஸ்பி-1200 சாம்ப்ளரில் மொத்தமே 10 விநாடி இடம். ஒரு சாம்ப்ளுக்கு 2.5 விநாடிக்கு மேல் கிடையாது. அதில் வேலை செய்தவர்கள் நிமிடத்துக்கு 33 சுற்றில் ஓட வேண்டிய இசைத்தட்டை 45-இல் வேகமாக ஓடவிட்டுப் பதிந்து, உள்ளே சுருதியை இறக்கி இடத்தை மிச்சம் பிடித்தார்கள். அப்படி இறக்கும்போது வரும் கரகரப்பை ஹிப்ஹாப்காரர்கள் இன்றும் தேடி அலைகிறார்கள். எனக்கோ ஒரு டிராக்கை இடம் மாற்றவே மூன்று வாரம்.

கிக் இப்போது சரி. என் சாம்ப்ளரில் எட்டு வாய்ஸ்தான், ஒரே நேரத்தில் எட்டு சத்தத்துக்கு மேல் வராது என்பதால், கோர்டு மாறும்போதெல்லாம் சிம்பல் பாதியில் அறுந்துபோகிறது. அதை இந்த ஞாயிற்றுக்கிழமை பார்க்க வேண்டும்.