அப்பாவுக்கு ஒரு கிண்ணம் இனிப்பு: பழைய வண்ணாரப்பேட்டை நாட்குறிப்பு

ஜூலை 27, 2025, ஞாயிறு

அடுத்த மாதம் 24-ஆம் தேதி அப்பாவுக்கு எழுபது முடிகிறது. "தாத்தாவுக்குக் கேக் வெட்டலாமா?" என்று மகன் கேட்டான். அப்பா பதில் சொல்லவில்லை. சுகர் வந்து பதினாறு வருடமாகிறது. வீட்டில் யார் பிறந்தநாள் என்றாலும் கேக் வெட்டும் நேரத்தில் அவர் மொட்டைமாடிக்குப் போய்விடுவார். இந்த முறை அவருடைய நாள். அன்றைக்கும் போகவிடக் கூடாது என்று மனதில் விழுந்துவிட்டது.

போன வாரம்தான் ரிவ்யூவுக்குப் போய் வந்தோம். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 8.1. எடை ஒரு வருடத்தில் 67 கிலோவிலிருந்து 62-க்கு இறங்கியிருக்கிறது. ஹார்பரில் கிரேன் ஓட்டியவர், இப்போது மாடிப்படி ஏற கைப்பிடியைப் பிடிக்கிறார். கால் தசை கரைகிறது, இனிப்பைக் குறைத்துப் புரதத்தைக் கூட்டுங்கள் என்றார் டாக்டர். சிறுநீரகத்துக்குப் பார்க்கிற கிரியாட்டினின் நன்றாக இருப்பதால் தயங்க வேண்டாம் என்றும் சொன்னார். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலான ஐசிஎம்ஆர் கணக்குப்படி பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு ஒரு கிலோ எடைக்கு 0.83 கிராம் புரதம். அப்பாவுக்கு அது 51 கிராமுக்கு மேல். உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். மீன் இல்லாத நாட்களில் அவர் தட்டில் 35 கிராம்கூடத் தேறவில்லை.

இன்று முதல் முயற்சி. வழக்கமான கேக்கில் 150 கிராம் சர்க்கரை போடுகிற இடத்தில் 50 மட்டும் போட்டேன். மேலே வெடித்து, நிறம் பிடிக்காமல் வெளுத்து, ரொட்டி மாதிரி வந்தது. சாயந்தரத்துக்குள் ரஸ்க்.

இதில் என் தவறு என்ன என்று தேடிப் படித்ததில் விஷயம் புரிந்தது. கேக்கில் சர்க்கரை இனிப்புக்கு மட்டும் இல்லை. வெண்ணெயோடு குழைக்கும்போது காற்றைப் பிடித்துவைப்பது அதன் படிகங்கள். மாவிலிருக்கும் மாச்சத்து வேகும் வெப்பநிலையை அது உயர்த்துகிறது, அதனால் கேக் உப்பிவர நேரம் கிடைக்கிறது. ஈரத்தை விடாமல் வைத்திருப்பதும், மேலே பொன்னிறம் கொடுப்பதும் அதுதான். இவ்வளவு வேலை பார்க்கிற ஆளை எடுத்துவிட்டு, அதே கேக் வர வேண்டும் என்று நான் எதிர்பார்த்திருக்கிறேன்.

ஜூலை 30, புதன்

கீழ்வீட்டு அக்கா ஒரு கருப்பட்டி வில்லையோடு வந்தார். "இத்தைப் போடு, சுகருக்கு ஒண்ணியும் பண்ணாது." அவருடைய அன்பு எனக்குத் தெரியும். ஆனால் கருப்பட்டியோ வெல்லமோ, பெரும்பகுதி சுக்ரோஸ்தான். கொஞ்சம் தாதுச் சத்தும் வாசனையும் கூடுதல். பேரீச்சம்பழத்திலும் முக்கால் பங்குக்குக் கிட்ட சர்க்கரைதான், நார்ச்சத்து கூட வருகிறது என்பது மட்டும் ஆறுதல். வாங்கி உள்ளே வைத்தேன். மகனுக்குச் சுக்குக்காபி போடலாம்.

மாலையில் ஒரு கடையில் 'சுகர் ஃப்ரீ' என்று எழுதிய கேக் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தேன். முதல் பொருள் மைதா, இரண்டாவது மால்டிடால் என்கிற மாற்று இனிப்பு. மால்டிடாலும் ரத்தச் சர்க்கரையை ஏற்றும், சர்க்கரை அளவுக்கு இல்லையென்றாலும். கூடவே மைதா. அப்பா மாதிரி ஆட்கள் முன்பக்கத்து எழுத்தை நம்பி இதை வாங்கித் தின்கிறார்கள் என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. தெருமுனை அம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள், கூடவே சர்க்கரைப்பொங்கல். அப்பா போய்விட்டு வந்து படுத்தார். மதியம் பார்த்தால் 268. நான் ஒன்றும் கேட்கவில்லை. அவரே, "ரெண்டே ரெண்டு தொன்னைம்மா" என்றார்.

திட்ட வாய் வரவில்லை. பதினாறு வருடமாக ஒரு மனிதனுக்கு நாம் கொடுத்தது 'வேண்டாம்' மட்டும்தான்.

ஆகஸ்ட் 7, வியாழன்

ஆபீஸ் விட்டதும் கோவிந்தப்ப நாயக்கன் தெருவுக்கு நடந்தேன். பாதாம், ஏலக்காய், பொட்டுக்கடலை, வேர்க்கடலை. அந்தத் தெருவில் மூட்டை தூக்குகிறவர்களுக்கு வழிவிட்டு வழிவிட்டுத்தான் நடக்க முடியும். ஏலக்காயை மட்டும் உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்து பார்த்தே வாங்குவேன். குறைந்த சர்க்கரையில் செய்கிற இனிப்புக்கு வாசனைதான் பாதி இனிப்பு.

எரித்ரிடால் என்கிற மாற்று இனிப்பு ஒரு சின்ன பாக்கெட் வாங்கிப் பார்த்தேன். சர்க்கரையின் இனிப்பில் 70 சதவீதம் இருக்கும். பாலில் கரைத்தபோது பரவாயில்லை. பிஸ்கட்டில் போட்டு ஆறியதும் மறுபடி படிகமாகி, பல்லில் நறநறத்து, வாயில் புதினா மாதிரி ஒரு ஜில்லிப்பு. அப்பா, "பல்பொடி போட்டியா?" என்றார். பாக்கெட்டை மூடி வைத்தேன். 2023-இல் உலக சுகாதார நிறுவனம், எடையைக் குறைக்க இந்த மாதிரி மாற்று இனிப்புகளை நம்ப வேண்டாம் என்று சொன்னதைப் படித்திருந்தேன். அது ஏற்கெனவே சுகர் இருப்பவர்களுக்கான பரிந்துரை இல்லை, எரித்ரிடால் வகையும் அந்தப் பட்டியலில் இல்லை. என் காரணம் வேறு: சர்க்கரையைப் போல் நடிக்கிற ஒன்றை அப்பாவுக்குக் கொடுப்பதைவிட, நிஜச் சர்க்கரையைக் கொஞ்சமாகக் கொடுப்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

மகனுடைய புரதப் பொடியையும் விட்டுவைக்கவில்லை. மைதாவில் பாதியை எடுத்துவிட்டு அதைப் போட்டுச் சுட்டேன். பொடியில் இருப்பது வே, அதாவது பால் திரிந்தால் பிரிகிற தண்ணீரில் இருக்கும் புரதம். அது சூட்டில் இறுகி ஈரத்தைப் பிழிந்துவிடும் போலிருக்கிறது, செருப்பு அடித்தட்டு மாதிரி வந்தது. மாவில் கால் பங்குக்கு மேல் போகக் கூடாது என்று இப்போது தெரிகிறது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

இன்று நடந்ததை விவரமாக எழுதிவைக்க வேண்டும்.

கேக்கை விட்டுவிட்டேன். சர்க்கரையும் மாவும் தூக்கி நிறுத்துகிற பண்டம் அது. புரதமே தூக்கி நிறுத்துகிற இனிப்பு எது என்று யோசித்ததில் பாலும் முட்டையும் நினைவுக்கு வந்தன. நேற்று நீலப் பாக்கெட் பால் ஒரு லிட்டரை உறைய ஊற்றி, அப்பாவின் பழைய வேட்டித் துணியில் கட்டி, வடிதட்டில் வைத்து ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் விட்டேன். காலையில் 410 கிராம் கெட்டித்தயிர். விரலால் எடுத்தால் சொட்டாமல் வெண்ணெய் மாதிரி நின்றது. மூன்று முட்டை, கொஞ்சம் பால்பவுடர், சர்க்கரை சேர்த்து ஓடிஜியில், அதுதான் எங்கள் சின்ன மின்சார அடுப்பு, 180 டிகிரியில் வைத்தேன்.

அரை மணி நேரத்தில் மேலே பிளந்து, ஓரமெல்லாம் தண்ணீர் விட்டு, உள்ளே ஓட்டை ஓட்டையாக இருந்தது. கொட்டப் போனேன். அப்பா பின்னால் வந்து நின்று எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, சீம்பால் பொங்கிட்ட மாதிரிக்கீது?"

அப்புறம் முக்கால் மணி நேரம் பேசினார். இவ்வளவு பேசி நான் கேட்டு எத்தனை நாளாயிற்று. கொருக்குப்பேட்டையில் எங்கள் ஆயா, அப்பாவின் அம்மா, இரண்டு எருமை வைத்திருந்தார். கன்று போட்டதும் முதல் இரண்டு நாள் பாலை விற்க மாட்டார். வெல்லமும் ஏலக்காயும் தட்டிப் போட்டு, தூக்குவாளியில் ஊற்றி, கூழ்ப்பானைக்குள் தண்ணீர் வைத்து அதில் இறக்குவார். வாளி மேல் ஒரு துணியைக் கட்டி அதற்கு மேல்தான் மூடி, இல்லாவிட்டால் ஆவித் தண்ணீர் சொட்டிக் குழி விழும். விறகை இழுத்துவிட்டுத் தணலில்தான் வேக வைப்பார். "தண்ணி தளதளன்னு கொதிச்சா போச்சு. தேன்கூடு மாதிரி ஓட்டை விழுந்திடும். நடுவுல லேசா ஆடிச்சுன்னா எடுத்துடணும், சூட்டுலயே மீதி இறுகிக்கும்."

அவர் கையை இப்படியும் அப்படியும் ஆட்டிக் காட்டினார், வாளியின் நடுவில் பால் எப்படித் ததும்ப வேண்டும் என்று.

சாதாரணப் பசும்பாலில் புரதம் சுமார் 3 சதவீதம். கன்று போட்ட முதல் நாள் சீம்பாலில் அது நான்கு மடங்குக்கு மேல் இருக்கும். அதில் பெரும்பகுதி வே வகைப் புரதம், சூடு பட்டால் தானாக இறுகும். அதனால்தான் உறையோ எலுமிச்சையோ இல்லாமல் அது கட்டியாகிறது. நான் முட்டையையும் கெட்டித்தயிரையும் வைத்துச் செய்ய நினைத்ததும் அதேதான். முட்டைக் கலவை 85 டிகிரியைத் தாண்டினால் திரிந்துவிடும் என்று நேற்று படித்தேன். ஆயா தணலை வைத்துச் செய்ததும் அந்தக் கணக்குதான்.

ஆகஸ்ட் 14, வியாழன்

இரண்டாவது தடவை: கிண்ணங்களைத் தண்ணீர் ஊற்றிய தட்டில் வைத்து, 150 டிகிரி. இருபதாவது நிமிடம் கரண்ட் போய்விட்டது. திறக்காமல் விட்டேன், பாதிதான் வெந்தது. வடிந்த தயிர்த் தண்ணீரில் சப்பாத்தி மாவு பிசைந்தேன், மெத்தென்று வந்தது. இன்றைய லாபம் அதுதான்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

வந்துவிட்டது.

அளவை எழுதிவைக்கிறேன், ஆறு எவர்சில்வர் கிண்ணத்துக்கு. ஒரு லிட்டர் பாலின் தயிரை வடித்த கெட்டித்தயிர் 400 கிராம், முட்டை 3, கொழுப்பு நீக்கிய பால்பவுடர் 30 கிராம், சர்க்கரை 30 கிராம், ஏலக்காய் ஆறு, சிட்டிகை உப்பு, வெந்நீரில் ஊறிய நாலு இழை குங்குமப்பூ. கலவையை மிக்ஸியில் அடிக்கவே கூடாது. காற்று ஏறினால் குமிழி விழும். கரண்டியால் மெதுவாகக் கலக்கி, டீ வடிகட்டியில் இரண்டு தடவை வடிகட்டினேன். முட்டையின் வெள்ளைக்கரு நூல் வடிகட்டியில் தங்கிவிடும், அந்த வேலையில் சோம்பல்படக் கூடாது. கிண்ணத்தின் மேல் ஈரத்துணி கட்ட வழியில்லை, அதனால் அலுமினியத் தாளை மூடி, பாதி உயரத்துக்கு வெந்நீர் ஊற்றி, 150 டிகிரியில் 35 நிமிடம். அப்பா நாற்காலியைப் போட்டு ஓடிஜி கண்ணாடி முன் உட்கார்ந்துவிட்டார். "ம், இப்ப எடு" என்று அவர் சொன்னபோதுதான் எடுத்தேன். நடுவில் லேசாக ஆடியது.

சர்க்கரையில் ஒரு யோசனை. 20 கிராமைத்தான் உள்ளே கலந்தேன். மீதி 10 கிராமை ஏலக்காய்ப் பொடியோடு சேர்த்து, சாப்பிடும் முன் மேலே தூவினேன். நாக்கில் முதலில் படுவது அதுதான், அதனால் மொத்தமும் இனிப்பது போலிருக்கிறது. இன்னொன்று, ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து அரை மணி நேரம் வெளியே வைக்க வேண்டும். ஜில்லென்று இருந்தால் இனிப்பு தெரிவதில்லை.

கணக்கு: ஒரு கிண்ணத்தில் சுமார் 9 கிராம் புரதம், சேர்த்த சர்க்கரை 5 கிராம். பாலின் சொந்தச் சர்க்கரையும் சுமார் 5 கிராம் வரும், அதை மறைக்கக் கூடாது. அப்பாவின் ராத்திரிச் சாப்பாட்டில் ஒரு சப்பாத்தியைக் குறைத்துவிட்டுத்தான் கொடுத்தேன். இரண்டு மணி நேரம் கழித்து 172. டாக்டர் சொன்ன 180-க்குள்.

ஆகஸ்ட் 20, புதன்

மகனுக்காக: பொட்டுக்கடலை மாவு, வறுத்த வேர்க்கடலைப் பொடி, ஒரு முட்டை, நசுக்கிய பேரீச்சம்பழம் நாலு. 160 டிகிரியில் 15 நிமிடம். வியாசர்பாடி கிரவுண்டிலிருந்து ஃபுட்பால் முடித்து வந்து எட்டு பிஸ்கட்டை நின்றபடியே காலி செய்தான். கேழ்வரகிலும் ஒரு தடவை செய்து பார்த்தேன். சுண்ணாம்புச் சத்துக்கு அது நல்லது, புரதம் 7 சதவீதம்தான். கடலை வகைகளில் 20-க்கு மேல்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

காலையில் காசிமேட்டிலிருந்து வஞ்சிரம். மாலை அப்பாவோடு ஹார்பரில் வேலை பார்த்த நாலு பேர் வந்தார்கள். நாலு பேரில் மூன்று பேருக்குச் சுகர். நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் இந்த நோய் என்று 2023-இல் ஐசிஎம்ஆர் ஆய்வு சொன்னது. எங்கள் வீட்டுக் கூடத்தைப் பார்த்தால் அது பெரிய எண்ணாகத் தெரியவில்லை. காபி வேண்டாம், டீயில் சர்க்கரை வேண்டாம் என்று ஒவ்வொருவரும் வந்ததும் வராததுமாகச் சொல்லிவிட்டார்கள்.

கேக் வெட்டவில்லை. பத்துக் கிண்ணங்களைத் தட்டில் அடுக்கிக் கொண்டுவந்தேன். ஆளுக்கு ஒன்று. அப்பா எல்லோருக்கும் முன்னால் எடுத்து, கரண்டியை ஓரத்தில் விட்டு, அது ஓட்டை இல்லாமல் வழவழவென்று பிரிவதை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். "எங்கம்மா சீம்பால்டா. என் பொண்ணு மாடில்லாம பண்ணிட்டா."

ஒருவர் கிண்ணத்தை வழித்துவிட்டு, வீட்டுக்காரம்மாவுக்கு எப்படிச் செய்வது என்று எழுதித் தரச் சொன்னார். நான் பேப்பர் தேடுவதற்குள் அப்பா ஆரம்பித்துவிட்டார். தயிரை வடிப்பதிலிருந்து, கையை ஆட்டிக் காட்டுவது வரைக்கும். ஓடிஜி இல்லாதவர்களுக்கு இட்லிப் பானை போதும், தீ மட்டும் சிம்மில் இருக்கணும் என்றார்.

ராத்திரி 176. வேட்டித் துணியைத் துவைத்துக் கொடியில் போட்டிருக்கிறேன். நாளைக்கும் உறை ஊற்றச் சொல்லியிருக்கிறார்.