ஃபிரிட்ஜுக்குள் இரண்டு ஆமைகள்

லண்டனில் எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டி முதியோர் இல்லத்துக்குப் போகும்போது எங்களிடம் ஒப்படைத்துவிட்டுப் போனது இரண்டு ஹெர்மன் ஆமைகளை. தெற்கு ஐரோப்பாவின் நில ஆமைகள். பெண் பெரியவள், ஆண் சின்னவன். ஊருக்குப் போன் போட்டுச் சொன்னேன். "ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாதுடா" என்று அம்மா வைத்துவிட்டார்.

குளிர்காலத்தில் தூங்கவைப்பதற்குப் பாட்டி சொல்லிக்கொடுத்த முறை எளிமையானது. அக்டோபர் நடுவில் தீனியை நிறுத்த வேண்டும். வயிற்றில் மிச்சம் இருந்தால் குளிரில் செரிக்காமல் உள்ளேயே அழுகிவிடும். ஆனால் வெதுவெதுப்பான தண்ணீரில் தினமும் உட்காரவைக்க வேண்டும். தூங்கும் மாதங்களுக்கு அவற்றின் தண்ணீர்த் தொட்டி சிறுநீர்ப்பைதான். நான்கு வாரம் இப்படி ஓட்டிவிட்டு, 2021 நவம்பர் 14 அன்று பெட்டிக்குள் பெட்டி வைத்து, இடையில் கிழித்த செய்தித்தாளைத் திணித்து, தோட்டத்து ஷெட்டில் வைத்தேன். சின்னவன் 760 கிராம், பெரியவள் 1420.

பாட்டி காலத்தில் ஷெட் என்றால் குளிர். இப்போது அதை நம்ப முடியவில்லை. ஆமைக்கு 3 முதல் 7 டிகிரி வேண்டும், 5 இருந்தால் உத்தமம். உறைநிலைக்குக் கீழே போனால் கண்பார்வையே போகலாம் என்பதால் குளிரைப் பற்றித்தான் பயந்துகொண்டிருந்தேன். வந்தது வெயில். 10 டிகிரியைத் தாண்டினால் உடம்பு விழிக்கப் பார்க்கும், ஆனால் சாப்பிட்டுச் செரிக்க அந்தச் சூடு போதாது. தூக்கமும் இல்லாமல் விழிப்பும் இல்லாமல், சேர்த்து வைத்த கொழுப்பைக் கரைத்துக்கொண்டு கிடக்கும்.

2022 புத்தாண்டு அன்று செயின்ட் ஜேம்ஸ் பூங்காவில் 16.3 டிகிரி. இங்கிலாந்தில் பதிவான புத்தாண்டு நாட்களிலேயே அதிகம். தெருவில் ஆட்கள் டீ-சர்ட்டோடு நடந்தார்கள். ஷெட்டில் 13. சின்னவன் பெட்டியைப் பிறாண்டும் சத்தம் வெளியே கேட்டது. மறுநாள் நிறுத்துப் பார்த்தால் 743. அதற்கு முந்தைய ஆறு வாரத்தில் மொத்தமே 7 கிராம் குறைந்திருந்தவன், ஒரே வாரத்தில் 10 கிராம் போயிருந்தான். மாதத்துக்கு உடல் எடையில் ஒரு சதவீதம் குறையலாம் என்பது வளர்ப்பவர்கள் வைத்திருக்கும் கணக்கு. அவனுக்கு அது ஏழரை கிராம்.

எழுப்பி விளக்குக்கு அடியில் வைத்துத் தீனி போடலாம், அல்லது குளிரை விலைக்கு வாங்கலாம். அவன் இன்னும் கண் திறக்காததால் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன். உறைபெட்டி இல்லாத பழைய ஃபிரிட்ஜ் ஒன்று, செகண்ட் ஹேண்டில். ஷெட்டில் வைக்கவில்லை. ஃபிரிட்ஜ் குளிர்விக்கும், சூடாக்காது. வெளியே உறைந்தால் உள்ளேயும் உறையலாம். அதனால் மாடிப்படிக்குக் கீழே. ஆறு தண்ணீர் பாட்டில்களை அடுக்கி இரண்டு நாள் வெறுமனே ஓடவிட்டேன். பாட்டில்கள் இருந்தால் கதவைத் திறந்தாலும் வெப்பம் சட்டென்று ஏறாது. குமிழைத் திருகித் திருகி 5-இல் நிறுத்தி, ஜனவரி 5 அன்று இருவரையும் உள்ளே வைத்தேன். அதற்குள் வெளியே குளிர் திரும்பிவிட்டது. மனைவி எதுவும் சொல்லவில்லை, சிரித்தாள்.

அப்புறம் வேலை குறைவு. காற்றுக்காகத் தினமும் ஒருமுறை கதவைத் திறந்து விசிறி மூடுவது, வெப்பமானியைப் பார்ப்பது, ஞாயிறுதோறும் நிறுப்பது. பிப்ரவரி 13 அன்று சின்னவன் 739. ஐந்தரை வாரத்தில் 4 கிராம்தான். இதைக் கேட்ட அம்மா, "உயிரோட இருக்கிறதை எவனாவது ஃபிரிட்ஜில வைப்பானா?" என்றார்.

பிப்ரவரி 18, யூனிஸ் புயல். ஓ2 அரங்கத்தின் கூரையையே கிழித்த காற்று. எங்கள் தெருவில் மதியம் மின்சாரம் போய் இரவுதான் வந்தது. கதவைத் திறந்து பார்க்கக் கை பரபரத்தது. திறக்கவில்லை, உணர்கருவியின் ஒயர் வெளியே இருந்ததால் எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறு மணி நேரத்தில் 5-லிருந்து 7. பாட்டில்கள் காப்பாற்றின.

ஆனால் ஞாயிறன்று சின்னவனின் செய்தித்தாள் ஈரம். எடை 724. தூக்கத்தில் சிறுநீர் போய்விட்டால் தண்ணீர்த் தொட்டி காலி என்று அர்த்தம். மறுபடி தூங்கவிடக் கூடாது. அறைச் சூட்டில் சில மணி நேரம் வைத்து, பிறகு விளக்கு, பிறகு வெந்நீரும் பச்சைத் தண்ணீரும் கலந்த குளியல். தலையை முக்கிக் குடித்தான், தொண்டை ஏறி இறங்குவது தெரிந்தது. அன்று மாலை 748.

நான்கு நாள் எதையும் தொடவில்லை. தினமும் குளியல், விளக்கு, எனக்கு ரத்த அழுத்தம். ஐந்தாம் நாள் டான்டெலியன் இலை ஒன்றின் ஓரத்தைக் கடித்து, மென்று, மிச்சத்தின் மேலேயே ஏறி நின்றுகொண்டான்.

பெரியவள் இன்னும் ஃபிரிட்ஜில், 1398 கிராம். காகிதம் காய்ந்தே இருக்கிறது. மார்ச் முதல் வாரம் எடுப்பதாக இருக்கிறேன்.