போன் எந்த அறையில்? ப்ளூடூத் சிக்னலை எவ்வளவு நம்பலாம்

போனின் ப்ளூடூத் சிக்னல் பலத்தை வைத்து அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணக்கிட்டு, ஆள் இருக்கும் அறையின் விளக்கை மட்டும் எரியவிடப் பார்க்கிறோம். சூத்திரம் எளிது. ஒரு மீட்டர் தள்ளிப் போனை வைத்து வரும் சிக்னல் பலத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இப்போது வரும் பலத்தை அதிலிருந்து கழித்து, இழப்பு அடுக்கின் (தூரம் கூடக்கூட சிக்னல் எவ்வளவு வேகமாகத் தேய்கிறது என்று சொல்லும் எண்) பத்து மடங்கால் வகுங்கள். கிடைத்த எண்ணுக்கு 10-ஐ அடுக்கேற்றினால் மீட்டரில் தூரம்.

வம்பே அந்த இழப்பு அடுக்கில்தான். திறந்த வெளியில் அது 2. சுவரும் சாமானும் நிறைந்த வீட்டில் 3-ஐயும் தாண்டும். ஒரு மீட்டரில் −59 டிபிஎம் (சிக்னல் பலத்தின் அலகு; பூஜ்யத்தை நெருங்க நெருங்கப் பலம் அதிகம்), இப்போது −75 என்று வைப்போம். அடுக்கு 2 என்றால் 6.3 மீட்டர், 3 என்றால் 3.4 மீட்டர். எதை எடுத்துக்கொள்வீர்கள்?

மேசையில் அசையாமல் கிடக்கும் போன்கூட ஐந்தாறு டெசிபெல் ஏறி இறங்கும். ப்ளூடூத் எல்இ (குறைந்த மின்சாரத்தில் இயங்கும் ப்ளூடூத்) விளம்பரப் பொட்டலங்கள், அதாவது ‘இதோ இருக்கிறேன்’ என்று சொல்லும் சிறு தகவல் துண்டுகள், 2402, 2426, 2480 மெகாஹெர்ட்ஸ் என மூன்று சேனல்களில் மாறி மாறி வரும். அலைநீளம் சுமார் 12 செ.மீ. சுவரில் பட்டுத் திரும்பும் அலை ஒரு சேனலில் வலு சேர்க்கும், இன்னொன்றில் அடித்துவிடும். போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரும்பி நின்றால் உடம்பே குறுக்குச் சுவர். அடுக்கு 2 என்ற கணக்கில் 6 டெசிபெல் குறைந்தாலே தூரம் இரட்டிப்பாகிவிடும்.

ஆகவே மீட்டரை விடுங்கள், அறையைக் கேளுங்கள். அறைக்கொரு ஈஎஸ்பி32 போர்டு (வைஃபையும் ப்ளூடூத்தும் உள்ள சின்னச் சுற்றுப்பலகை), அதில் போனின் ப்ளூடூத் சிக்னலைக் கேட்டுச் சொல்லும் ஈஎஸ்பிரெசென்ஸ் மென்பொருள். போர்டுக்குப் போர்டு வாசிப்பு வேறுபடும் என்பதால், எல்லாவற்றையும் ஒரே போனைக் கொண்டு, ஒரு மீட்டரில், நான்கு திசையும் திருப்பி அளந்து சரிசெய்யுங்கள். கடைசிப் பத்து வாசிப்புகளுக்குச் சராசரி வேண்டாம், இடைநிலை (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் மதிப்பு) எடுங்கள். திடீரெனப் பள்ளத்தில் விழும் ஒன்றிரண்டு வாசிப்புகள் சராசரியைக் கீழே இழுத்துவிடும். புது அறை பழையதைவிட 5 டெசிபெல்லாவது கூடுதலாக, பத்து விநாடி தொடர்ந்து இருந்தால் மட்டும் போன் அந்த அறைக்கு மாறியதாகக் கொள்ளுங்கள். இல்லாவிட்டால் வாசற்படியில் நிற்பவருக்கு இரண்டு அறை விளக்கும் கண்ணடிக்கும்.

போர்டை ஸ்டீல் பீரோவுக்குப் பின்னால் ஒளிக்காதீர்கள். இடுப்பு உயரத்தில், ஆன்டெனா முனை உலோகத்தைத் தொடாமல் வையுங்கள். வைஃபையும் ப்ளூடூத்தும் அதில் ஒரே ரேடியோவைப் பங்குபோடுவதால், வைஃபை வேலை கூடினால் பொட்டலங்கள் தவறும்.

அடுத்த தலைவலி அடையாளம். போன் தன் ப்ளூடூத் முகவரியை ஏறத்தாழ 15 நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளும். ஆண்ட்ராய்டில் ஹோம் அசிஸ்டன்ட் (வீட்டுச் சாதனங்களை இயக்கும் மென்பொருள்) செயலியின் பீக்கன் அனுப்பியை (போனின் அடையாளத்தை விடாமல் ஒலிபரப்பும் வசதி) இயக்கினால் நிலையான அடையாள எண் கிடைக்கும். ஐபோனில் செயலி பின்னணிக்குப் போனதும் ஐபீக்கன் எனப்படும் இந்த ஒலிபரப்பு நின்றுவிடும். அங்கே இணைத்தலின்போது கிடைக்கும் அடையாளச் சாவியை (மாறும் முகவரி எந்தப் போனுடையது என்று கண்டுபிடிக்க உதவும் ரகசிய எண்) போர்டுக்குக் கொடுப்பதே வழி.

மாடி வீட்டில் நேர் மேலே உள்ள அறை பக்கத்து அறையைவிட பலமாகத் தெரியலாம். அங்கே மேல்தளத்திலும் ஒரு போர்டு வைக்காமல் தீராது. உண்மையிலேயே மீட்டர் கணக்குத்தான் வேண்டுமென்றால், 2024-இல் வந்த ப்ளூடூத் 6.0-இன் சேனல் சவுண்டிங் என்ற வசதி, அலையின் கட்டத்தை (phase: அலை தன் ஏற்ற இறக்கத்தில் எந்த இடத்தில் இருக்கிறது என்பது) வைத்துத் தூரம் அளக்கிறது. ஆனால் இரு முனையிலும் அதற்கான சிப் வேண்டும். பழைய ஈஎஸ்பி32-இல் அது நடக்காது.